பட்டியலில் கடைசி ஆள்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் ஓடிக்கொண்டிருக்கிறோம். நான் காலால், அவர் வாயால். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. காது இரைச்சலும் குறையவில்லை. போனில் நீ பேசினால் பாதி உன் குரல், பாதி குழாய்த் தண்ணீர். அதனால்தான் வழக்கம்போலக் கடிதம். தலைமையகத்துக்கும் இந்தக் கிளை வளாகத்துக்கும் நடுவே வாராவாரம் பல்கலைக்கழக வேன் தபால் பையைச் சுமக்கிறது. அதில் அக்கா தம்பி கடிதம் ஒன்று கூடினால் வண்டி குடைசாய்ந்துவிடாது என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். வேன்காரர் நம் கடிதத்தை மட்டும் பையில் போடுவதில்லை. சட்டைப்பையில் வைத்து எடுத்துவந்து, "தம்பி கடுதாசி" என்று கையில்தான் கொடுக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்களில் மேலே இருப்பவர்கள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வரப்போகிறதாமே. சம்பளப் பட்டியலில் மிகப் பெரிய சம்பளம், அதே பட்டியலில் உள்ள மிகச் சின்ன சம்பளத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கக் கூடாதாம். ஸ்டோர்காரர் செய்தித்தாளை எங்கள் அறைக்கே எடுத்துவந்து உரக்கப் படித்தார். ஆய்வகத்துக் குடுவை, குழாய் எல்லாம் கழுவுகிற அறையில் செய்தித்தாள் நுழைந்தது இதுதான் முதல் தடவை, கண்ணாடி சுற்றுவதற்கு வருவது தவிர.

துணைவேந்தரை நாங்கள் 'மேல்மாடி' என்றுதான் சொல்வது. கோபித்துக்கொள்ளாதே. நெட்டை சொன்னாள்: "மேல்மாடி இனிமே ஒரு படி ஏறணும்னா நம்மளையும் தூக்கிட்டுத்தான் ஏறணும். நாம கனம், அவருக்கு இடுப்பு பிடிச்சுக்கும்." சிரித்த சிரிப்பில் ஒருத்தி அளவுக் குடுவையைக் கீழே போட்டு உடைத்தாள். நெட்டையை உனக்குத் தெரியுமே, என்னோடு ஒரே தொட்டியில் நிற்பவள். நான் கழுவிக் கொடுப்பேன், அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். தண்ணீர் வழுக்கி ஓடினால் அடுக்கில் வைப்பாள், துளித்துளியாக நின்றால் ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கம் தள்ளுவாள். மாமியாருக்கு மேல்.

எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். "உன் தம்பிதானே அங்க நிதி அலுவலர், நிஜமான்னு கேளு." நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன். மறைப்பானேன். எழுது.

உன் வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அக்கா

பிப்ரவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பரீட்சைக்குப் படிக்கிறாள், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். முழங்காலுக்கு மருத்துவரைப் பார். அத்தானிடம் எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னால் அவர் உபதேசம்தான் தேய்ப்பார்.

நீ கேட்டது உண்மைதான். ஜூன் முதல் தேதியிலிருந்து சட்டம் அமலாகிறது. பெரியவரின், அதாவது உங்கள் மேல்மாடியின், சம்பளம் இப்போது உங்கள் அறையில் இருப்பவர்களைப் போல இருபத்தைந்து மடங்கு. அவருக்குக் கீழே வருகிற எங்கள் சம்பளமெல்லாம் அவர் சம்பளத்தில் இத்தனை பங்கு என்று கட்டிவைத்திருக்கிறது. அவர் இறங்கினால் நாங்களும் வரிசையாக இறங்குவோம். அதனால் இந்த மாடியில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. "நல்ல மூளை எல்லாம் வெளிநாடு போயிடும்" என்று ஒரு பேராசிரியர் கூட்டத்தில் சொன்னார். அவர் மூளையை யாரும் தடுக்கவில்லை.

போன வாரம் பெரியவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக உட்காரச் சொன்னார். காபி வந்தது. "நீங்க கணக்குப் புலியாச்சே, நியாயமா ஒரு வழி பாருங்க" என்றார். நான் ஒரு யோசனை சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. எல்லாம் முடிவாகட்டும், எழுதுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

மார்ச் 16

ராசாவாக இருக்கிற தம்பிக்கு,

மேல்மாடி கையால் காபி குடித்தவனுக்கு இனி சுகத்துக்கு என்ன குறை. நீ யோசனை சொன்னாய் என்பதைப் படித்துக் காட்டினேன். எங்கள் அறையில் உனக்கு இப்போது ராஜ மரியாதை. சம்பளம் ஏறினால் நெட்டை முன்பல் கட்டிக்கொள்ளப் போகிறாளாம். "இருபது வருஷமா வாயை மூடிச் சிரிச்சாச்சு, பென்ஷன் வாங்கறப்பவாவது திறந்து சிரிக்கறேன்" என்கிறாள். உன் அத்தான் பழைய ரேடியோவைத் தலையைச் சுற்றி எறிவதாக இருக்கிறார். நான் ஒன்றும் ஆசைப்படவில்லை என்று சொன்னால் பொய். அமிலம் பட்டுப் பட்டு என் வலது கை கையுறைக்குள்ளேயே எரிகிறது. நல்ல கையுறை வாங்குவேன், ஸ்டோரில் கொடுப்பது மாதிரி இல்லாமல்.

இப்போது ஒரு சந்தேகம். தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும், ஆளுக்கு ஒரு விருப்பக் கடிதமும் வந்திருக்கின்றன. 'சேவைப் பிரிவு மறுசீரமைப்புக்கு என் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று போட்டு, கீழே கையெழுத்துக்கு இடம். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் போட வேண்டுமாம். ஸ்டோர்காரர் மூன்று முறை படித்தார். ஒவ்வொரு வாக்கியமும் ரயில்பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்து நீளமாகப் போகிறது, எந்த ஊருக்குப் போகிறது என்றுதான் தெரியவில்லை. சம்பளம் கூட்டுவதற்குத்தான் இது என்கிறார் ஒருவர். ஏதோ ஆபத்து என்கிறார் இன்னொருவர்.

எல்லாருக்கும் வந்திருக்கிறது, எனக்கு மட்டும் வரவில்லை. தபாலில் விட்டுப்போயிருக்கும்.

ஒரு தாளை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார். நீட்டி எழுத வேண்டாம், ஒரு வரி போதும். போடலாம், அல்லது போடாதே. பன்னிரண்டு பேர் உன் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அக்கா

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்றே நினைக்கிறேன். இரண்டு தடவை வேன் வந்துவிட்டது, உன் பதில் இல்லை. சின்னவளுக்குப் பரீட்சை, உனக்கும் தலைக்கு மேல் வேலை. புரிகிறது.

வேன்காரரிடம் கேட்டேன். "கையிலதான் குடுத்தேன்மா" என்றார். அப்படியானால் நீ படித்திருப்பாய். தப்பான தாளாக இருந்தால் இதற்குள் பறந்து வந்து சொல்லியிருப்பாய். மௌனம் சம்மதம் என்று நானே முடிவு செய்து, எல்லாரிடமும் போடச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஸ்டோர்காரர் வாங்கிக்கொள்கிறார்.

நெட்டை மட்டும் இழுத்தாள். "உன் தம்பி எழுத்துல ஒரு வார்த்தை சொல்லட்டுமே, அவசரம் என்ன?" என்றாள். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "அவன் என் இடுப்புல வளர்ந்தவன், எனக்குக் குழி தோண்டுவானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். பாவம், அவள் வாயை மூடிக்கொண்டாள். பேனா கேட்டாள். என் பேனாவைத்தான் கொடுத்தேன்.

உன் வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி தேவலையா.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் கடுமை. அலுவலகத்தில் மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. சின்னவள் பரீட்சை முடிந்தது. எப்படி எழுதினாய் என்று கேட்டால் "எழுதினேன்" என்கிறாள்.

உன் இரண்டு கடிதங்களும் தாமதமாகத்தான் கிடைத்தன. இடையில் வெளியூரில் ஒரு கூட்டம். நேற்றுதான் மேசையில் பார்த்தேன். பார்த்தால் தேதி போய்விட்டது. அதனால் அதைப் பற்றி இப்போது சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நீ எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. உன் பதவியின் பெயரை 'மேற்பார்வை உதவியாளர்' என்று மாற்றியிருக்கிறோம். வேலை அதேதான், சம்பளமும் இப்போதைக்கு அதேதான். உத்தரவு தனியாக வரும். அதை அறையில் எல்லாருக்கும் காட்ட வேண்டாம், வீண் பேச்சு.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்கிறார்கள். அமிலத் தொட்டிப் பக்கம் இனி அதிகம் போகாதே. அத்தானிடம் ரேடியோவை எறிய வேண்டாம் என்று சொல், ரிப்பேர் செய்யலாம்.

உன் தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

ஜூன் மாதம் முதல் நாள் காலையில் ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவன் வந்தான். கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பேனா. எங்களை வராந்தாவில் வரிசையாக நிற்கச் சொன்னான். பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவர் கழுத்திலிருந்தும் பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டான். எங்கள் வாளிதான். பதிலுக்கு மஞ்சள் அட்டை கொடுத்தான். "இன்னையிலேர்ந்து நீங்க எங்க கம்பெனி ஆளுங்க" என்றான். நெட்டை கேட்டாள், "எங்க பென்ஷன்?" அவன் சொன்னான், "அதெல்லாம் பழைய எடத்தோட போச்சுக்கா. நீங்களே விருப்பப்பட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க." பிறகு அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினான். என் பேனா மை.

பன்னிரண்டு பெயர் கூப்பிட்டான். என் பெயர் இல்லை. அட்டையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "மேடம், நீங்க உள்ள போங்க" என்றான். மேடமாம். பன்னிரண்டு பேரும் என் கழுத்தைப் பார்த்தார்கள். அதில் பழைய அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே அதைக் கழற்றி வாளியில் போட்டுவிட வேண்டும் போல இருந்தது. போடவில்லை. போட்டால் நடிப்பு என்று நினைப்பார்கள் என்று பயம். உண்மையைச் சொன்னால், பென்ஷன் போய்விடுமே என்றும் பயம். இரண்டும் இருந்தது.

முதலில் நான் தெரிந்தேதான் செய்தேன் என்று பேசிக்கொண்டார்கள். என் காதில்தான் இரைச்சலே தவிர, அது மட்டும் நன்றாகக் கேட்டது. இப்போது பேச்சே இல்லை. இடைவேளையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இடம் விடுகிறார்கள். தேவைக்கு மேல் இடம் விடுகிறார்கள்.

வேன்காரரை நிறுத்தி மறுபடி கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மார்ச்சுலயே கையில குடுத்தேன்மா. நின்ன எடத்துலயே பிரிச்சுப் படிச்சார். அந்தத் தாளையும் பார்த்தார். மடிச்சு சட்டைப்பையில வெச்சுக்கிட்டு, சரி நீ கெளம்புன்னார்."

தம்பி, ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். தேதிக்கு முன்னாலேயே படித்தாயா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. என் தொண்டையில் இறங்காது.

அக்கா

ஜூலை 5

அக்காவுக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

படித்தேன். மார்ச் மாதத்திலேயே. வெளியூர்க் கூட்டம் எதுவும் இல்லை.

யோசனை என்னுடையதுதான். அன்றைக்குப் பெரியவர் அறையில் எல்லாரும் சட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த வரியை மறுபடி படித்தேன். 'சம்பளப் பட்டியலில் உள்ள மிகக் குறைந்த சம்பளம்.' "பட்டியல்ல இல்லாதவங்களை யாரும் எண்ணப் போறதில்லையே சார்" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். பெரியவர் இன்னொரு காபிக்கு மணி அடித்தார். தோட்டம், காவல், துப்புரவு, கழுவும் அறை என்று நானே பிரிவு பிரிவாகப் பெயரெடுத்தேன். அந்த ரயில்பெட்டி வாக்கியங்களும் நான் கோத்தவைதான். புரியக் கூடாது என்றே கோத்தேன்.

உங்கள் அறை வந்தபோது என் கை நின்றது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே. உன் பெயரை மட்டும் எடுத்து வேறு பதவியில் போட்டேன். 'போடாதே' என்று உனக்கு ஒரு பதில் எழுதினேன், கிழித்தேன். 'போடலாம்' என்று இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். உன் கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது, துவைத்த பிறகுதான் எடுத்தேன். அக்கா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியைப் பார்த்து முகம் மழிக்க முடியவில்லை.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டியிருக்கிறது. தணிக்கைத் துறைக்கு நாங்கள் செப்டம்பர் தொடக்கத்தில் கணக்குக் கொடுக்க வேண்டும். என் கணக்கெல்லாம், அலுவலகக் குமாஸ்தாவின் சம்பளம்தான் கடைசி என்று வைத்துப் போட்டது. அதைப் பத்தால் பெருக்கினால் பெரியவர் சம்பளம் அப்படியே தப்பிக்கிறது. போன வாரம்தான் பார்த்தேன். குமாஸ்தா கடைசி இல்லை. பட்டியலில் உனக்குக் கீழே ஒருவரும் இல்லை. உன்னைக் காப்பாற்றும்போது உன்னைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன்.

இப்போதிருக்கும்படி விட்டால், பெரியவர் உன் சம்பளத்தைப் போலப் பத்து மடங்குதான் வாங்கலாம். பாதிக்கும் கீழே. அதனால் உனக்குப் பதவி உயர்வு. குமாஸ்தாவுக்குச் சமமான சம்பளம், இப்போது வாங்குவதைப் போல இரண்டரை மடங்கு. ஏற்றுக்கொள்கிறேன் என்ற உன் கையெழுத்து மட்டும் வேண்டும். தாள் இத்துடன் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசிக்குள் வந்தால் போதும்.

உன் தம்பி

ஜூலை 21

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறது, அதற்கென்ன.

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து அழுதேன். உன் அத்தான் ரேடியோவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'என் தம்பி கெட்டவன் இல்லை, பயந்தவன்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இரண்டாம் பாதி வந்துவிட்டது. முதல் பாதியை நீ எழுதியிருக்கிறாய், இரண்டாம் பாதியை மேல்மாடி எழுதியிருக்கிறார். கையெழுத்துத் தேவைப்படாமல் இருந்திருந்தால் நீ வெட்கப்பட்டிருப்பாயா என்று யோசிக்கிறேன். யோசிக்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தத் தாளை நெட்டையிடம் காட்டினேன். மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் திருப்பித் திட்டலாம், அழலாம், சரியாகிவிடும். அவள் நிதானமாகப் படித்துவிட்டு, "போடு. எங்களுக்குப் போனது போச்சு, நீயாவது நல்லா இரு. நல்ல கையுறை வாங்கிக்க" என்றாள். பிறகு தன் துணியை எடுத்துக்கொண்டு கடைசித் தொட்டிக்குப் போய்விட்டாள். இப்போது நானே கழுவுகிறேன், நானே தூக்கிப் பார்க்கிறேன். தள்ளுவதற்கு ஆள் இல்லை.

உன் கணக்கு எனக்கு இப்போதுதான் புரிகிறது. நான் இந்தச் சம்பளத்தில் இங்கே நிற்கும்வரை உங்கள் பெரியவர் மேலே போக முடியாது. அப்படித்தானே. அப்படியானால் ஒன்று செய். பன்னிரண்டு பேரையும் பழையபடி பட்டியலில் ஏற்று. பென்ஷனோடு. பிறகு எனக்கு உயர்வு கொடு, கொடுக்காமல் போ, நீ நீட்டுகிற இடத்தில் போடுகிறேன். ஒருத்தியை மட்டும் தூக்குகிற தாளில் போட மாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசி.

அக்கா

ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமா. எனக்குத் தூக்கம் சரியில்லை, இரத்த அழுத்தம் என்கிறார் மருத்துவர்.

நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. கேட்டே பார்த்தேன். பெரியவர் கூப்பிட்டார், இந்த முறை உட்காரச் சொல்லவில்லை. "பன்னெண்டு பேரையும் திருப்பி எடுத்தா மத்தப் பிரிவுகளும் கேக்கும். அப்புறம் சட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதுதான்" என்றார். சட்டத்தைப் பின்பற்றுவது ஏதோ தண்டனை மாதிரி சொன்னார். நானும் தலையாட்டினேன்.

"யாருய்யா இந்தம்மா, எப்படி ஒருத்தி மட்டும் பட்டியல்ல தங்கினா?" என்று கேட்டார். அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான், "ஒரு பணியாளர் சார், பெயர் விட்டுப்போச்சு" என்றேன்.

அக்கா என்று சொல்லவில்லை. இதை உனக்கு எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஏற்கெனவே எழுதாமல் விட்டதே போதும்.

ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம். நான் நடுவில் நிற்கிறேன். நீ கையெழுத்துப் போடாவிட்டால் பெரியவர் சம்பளம் பாதிக்குக் கீழே இறங்கும், அவரோடு எங்கள் எல்லாருடையதும் இறங்கும். உன் பெயரைத் தனியாக எடுத்தது யார் என்று விசாரிப்பார்கள். என் வேலைக்கே ஆபத்து. பன்னிரண்டு பேருக்கு நடந்தது நடந்துவிட்டது. நீ மறுப்பதால் அவர்களுக்கு ஒரு காசு கூடாது. யோசித்துப் பார். தேதி ஆகஸ்ட் 31.

உன் தம்பி

ஆகஸ்ட் 24

அக்காவுக்கு,

சுகமா. இரண்டு தடவை வேன் வந்துவிட்டது, உன் பதில் இல்லை. வேன்காரரைக் கேட்டேன், கையில்தான் கொடுத்தேன் என்கிறார்.

நீட்டி எழுத வேண்டாம். ஒரு வரி போதும். போடுகிறேன், அல்லது போட மாட்டேன்.

தம்பி

செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கழுவும் அறையில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை, எல்லாம் ஏற்கெனவே ஈரம். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன், முழங்கால் பரவாயில்லை. உன் அத்தான் ரேடியோவை ரிப்பேர் செய்துவிட்டார். இப்போது ஒரே ஒரு நிலையம் கேட்கிறது, அதில் நாள் முழுக்க விளம்பரம்.

உன் இரண்டு கடிதங்களும் தாமதமாகத்தான் கிடைத்தன. நேற்றுதான் பார்த்தேன். பார்த்தால் தேதி போய்விட்டது. அதனால் அதைப் பற்றி இப்போது சொல்வதற்கு ஒன்றுமில்லை.

போன செவ்வாய்க்கிழமை தணிக்கைத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். சின்ன வயது, மூக்குக் கண்ணாடி, நனைந்த குடை. அமிலத்துக்குக் கண் எரிந்தாலும் வெளியே போகாமல் நின்று பேசினார். என் அட்டையையும் சம்பளச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார். "பட்டியல்ல உங்களுக்குக் கீழ வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, நான்தான் கடைசி" என்றேன். எழுதிக்கொண்டார். மஞ்சள் அட்டைக்காரர்களைக் காட்டி, "இவங்க?" என்றார். "இவங்க ஜூன் வரைக்கும் என்கூடப் பட்டியல்ல இருந்தவங்க. நான் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். எல்லார் எதிரிலும் சொன்னேன். காது அடைத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் சொல்லி முடித்தேன்.

கடைசித் தொட்டியிலிருந்து நெட்டை பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் துணியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.  நான் கொடுத்த முதல் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். துளி நின்றது போலிருக்கிறது, திருப்பித் தள்ளினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கழுவிக் கொடுத்தேன்.

அந்த அம்மா போகும்போது இன்னொன்றும் கேட்டார். "உங்க பேரை மட்டும் தனியா எடுத்து வெச்சது நிதி அலுவலர்னு தெரியுது. அவரை உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நீ அப்படித்தான் என்னை மறைத்தாய், எனக்கும் அது வாய்வரை வந்தது. எனக்கு உன்னால் எவ்வளவு வெட்கம் என்று உனக்குத் தெரியாது தம்பி. பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தெரியும்மா" என்றேன். "என் தம்பி."

இரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறை.

அக்கா